மணமகள் அறைக்கு வெளியே ஒரு புலி

செப்டம்பர் 8, ஞாயிறு

இன்று காலை பத்து மணிக்கு ஒரு சீனர் என் வீட்டு வாசலில் நின்று, வட்டமான திசைகாட்டி ஒன்றை வயிற்றுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, என் வீட்டைப் பார்த்து உச்சுக் கொட்டினார். முப்பத்தொரு ஆண்டுகளாக இந்த வீட்டில் இருக்கிறேன். கூரை ஒழுகியிருக்கிறது. கறையான் வந்திருக்கிறது. ஒருமுறை குரங்கு புகுந்து சோற்றுப்பானையைத் தூக்கிக்கொண்டு போனது. ஆனால் யாரும் உச்சுக் கொட்டியதில்லை.

அவர் பெயர் தெரியவில்லை. சிஃபு என்றார்கள், குரு என்று பொருளாம். அழைத்து வந்தவர் மேடம் லாய், எனக்குச் சம்பந்தியாகப் போகிறவர். என் மகள் எழிலரசியும் அவர் மகன் வெய் லூனும் ஒரே மருந்தகத்தில் வேலை செய்கிறார்கள். நவம்பர் பத்தாம் தேதி கல்யாணம். எங்கள் பஞ்சாங்கமும் அவர்கள் பஞ்சாங்கமும் இந்த ஆண்டு முழுக்கத் தேடி ஒத்துக்கொண்ட ஒரே ஞாயிற்றுக்கிழமை அது. கல்யாணத்துக்குப் பிறகு இருவரும் என்னோடு இந்த வீட்டில்தான் இருக்கப்போகிறார்கள். வேலைக்குப் பக்கம் என்கிறாள் மகள். மருந்தகம் இங்கிருந்து பதினெட்டு கிலோமீட்டர்.

ஆகவே ஃபெங்சுயி பார்க்கவேண்டுமாம். வீட்டுக்குள் காற்றும் அதிர்ஷ்டமும் எந்த வழியாக வந்து எந்த வழியாகப் போகின்றன என்று கணிக்கும் கலை. நம் வாஸ்துவுக்குத் தூரத்து உறவு. நான் வாஸ்துவையே வாசலோடு அனுப்பியவன்.

மேடம் லாயோடு ஒரு சிக்கல், அவருக்குத் தமிழ் தெரியும். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் அவர் அப்பா மளிகைக்கடை வைத்திருந்தார். பால்மரம் வெட்டுகிறவர்களிடம் கற்ற தமிழ். அதில் மரியாதைப் பன்மை கிடையாது, வாக்கிய முடிவில் ஒரு 'லா' உண்டு.

"வாத்தியாரே, உன் மாடிப்படி வாசலப் பாத்து நிக்குது. நல்லதெல்லாம் உருண்டு வெளிய போயிடும் லா."

"முப்பத்தொரு வருஷமா உருண்டு போனது பக்கத்து வீட்டு வாசல்லதான் கிடக்கணும். போய்க் கேட்டுப் பார்க்கட்டுமா?"

"கேட்டாலும் குடுக்க மாட்டான்" என்றார் மேடம் லாய், யோசித்துவிட்டு.

அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன, நெருப்பும் நீரும் சண்டையிடுமாம். கழிவறைக் கதவு சாமி அறையைப் பார்க்கிறது. இதைத் தமிழர்கள் எனக்கு முன்பே சொல்லியிருக்கிறார்கள். மேலே, இருவருக்கும் என்று ஒதுக்கிய பெரிய அறைக்குள் போனதும் சிஃபு திசைகாட்டியைக் கட்டில் பக்கம் திருப்பினார். மேடம் லாய்தான் மூக்கைச் சுளித்தார்.

"இங்க யாரும் தூங்கறதில்ல."

ஜன்னல் துருப்பிடித்துத் திறக்க வரவில்லை, அதனால்தான் அந்த நாற்றம் என்றேன். நான் மூன்று ஆண்டுகளாகக் கூடத்துச் சோபாவில் படுக்கிறேன். அங்கே காற்றாடி நன்றாகச் சுற்றுகிறது.

செப்டம்பர் 9, திங்கள்

மாடிப்படிக்கு எதிரே ஒரு பெரிய தொட்டிச்செடி வந்து உட்கார்ந்திருக்கிறது. இரண்டு முறை இடித்துக்கொண்டேன். அதிர்ஷ்டம் நிற்கிறதோ இல்லையோ, நான் நிற்கிறேன்.

செப்டம்பர் 14, சனி

வெய் லூன் வந்து அடுப்பை மாற்றி வைத்தான். நல்ல பையன். "அங்கிள், சாரி அங்கிள்" என்று சொல்லிக்கொண்டே எல்லாவற்றையும் தூக்குகிறான். வாசலில் எட்டு மூலைக் கண்ணாடி ஒன்று மாட்டியிருக்கிறான். கெட்டதை வந்த வழியே திருப்பி அனுப்பும் என்கிறார் அவன் அம்மா. எதிர்வீட்டுக் காசிம் வந்து, அது தன் வீட்டைப் பார்க்கிறதே, என்ன கணக்கு என்று கேட்டார். கல்யாண அலங்காரம் என்றேன். நாற்பது ஆண்டுகள் ஆசிரியனாக இருந்தவன், அதில் பன்னிரண்டு ஆண்டுகள் தலைமையாசிரியன். பள்ளியில் ஆண்டுதோறும் மூடநம்பிக்கை ஒழிப்புப் பேச்சுப்போட்டி நடத்தியவன். அண்டை வீட்டாரிடம் பொய் சொல்லும் நிலைக்கு வந்துவிட்டேன்.

பெரிய அறையில் கண்ணாடி மேசை கட்டிலைப் பார்த்து இருக்கிறது. தூங்குகிறவர் கண்ணாடியில் தெரியக் கூடாது, அதை எடுக்கவேண்டும் என்றார் மேடம் லாய். முடியாது என்றேன். கனமான தேக்கு, படியில் இறங்காது. வெய் லூன் அளந்து பார்த்துவிட்டு, "இறங்கும் அங்கிள்" என்றான். கால் ஆடுகிறது, நகர்த்தினால் உடையும் என்றேன். "ஆடல அங்கிள்" என்றான். எனக்கு எரிச்சல் வந்து, இந்த வீட்டில் இனி ஓர் ஊசிகூட இடம் மாறாது என்று கத்திவிட்டேன். எழிலரசி என்னையே பார்த்தாள். மேசை இழுப்பறையில் என் மனைவி இந்திராணியின் சீப்பு இருக்கிறது, வேறு ஒன்றும் முக்கியமாக இல்லை.

அவர்கள் கீழே போனபின் மேடம் லாய் மட்டும் நின்றார்.

"என் வீட்டுக்காரர் போன வீடு இருக்கே, வாத்தியாரே. கட்டிலுக்கு மேல உத்திரம். அப்ப எனக்கு இதெல்லாம் தெரியாது. தெரிஞ்சிருந்தா கட்டில நகத்தியிருப்பேன்ல?"

"அவருக்கு என்ன நோய்?"

"கல்லீரல்."

கல்லீரலுக்கும் உத்திரத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்டிருக்கவேண்டும்.

செப்டம்பர் 22, ஞாயிறு

தெலுக் இந்தானிலிருந்து தனபாக்கியம் அக்காள் வந்திருந்தார். முறுக்கு, அதிரசம், அதிகாரம் மூன்றும் கொண்டுவந்தார். எட்டு மூலைக் கண்ணாடியைப் பார்த்து, "இது என்னடா கண்றாவி" என்றார். பத்து நிமிடத்தில் அதே வாசலில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துத் தொங்கவிட்டார்.

கோயிலில் தாரை வார்க்க என் தம்பி பரந்தாமனும் அவன் மனைவியும் உட்காருவார்கள் என்று முடிவாகியிருக்கிறது. பெண்ணின் கையை மாப்பிள்ளை கையில் வைத்து நீர் ஊற்றுவது ஜோடியாக இருப்பவர்கள் செய்கிற வேலை. இந்திராணி இல்லாததால் நான் கீழே முன்வரிசையில் இருப்பேன். முறை அதுதான்.

சமையலறைக் குழாய் ஒழுகுகிறது. குழாய்க்காரர் வரவில்லை. நாளை என்கிறார்.

செப்டம்பர் 29, ஞாயிறு

இப்படி ஓர் அநியாயத்தை நான் கேட்டதில்லை.

கல்யாணத்தன்று காலை ஏழு மணிக்கு மாப்பிள்ளை வீட்டார் பெண் அழைக்க இங்கே வருகிறார்கள். அது சீன முறை. பெண் தன் அறையில் அலங்காரத்தோடு உட்கார்ந்திருப்பாள். அப்பா உள்ளே போய், முகத்துணியை இறக்கிவிட்டு, கையைப் பிடித்து வெளியே அழைத்துவந்து மாப்பிள்ளையிடம் ஒப்படைப்பார். பிறகு தேநீர் கொடுத்து வணங்குவார்கள். நல்ல வழக்கம்தான், நானே இரண்டு முறை கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்த்தேன்.

இன்று மேடம் லாய் விருந்தினர் பட்டியலோடு வந்து ஒவ்வொருவரும் பிறந்த ஆண்டைக் குறித்துக்கொண்டிருந்தார். என்னிடம் வந்தார்.

"நீ எந்த வருஷம்?"

"அறுபத்திரண்டு."

"மாசம்?"

"பிப்ரவரி பதினாலு."

பேனா நின்றது. "ஐயோ. நீ புலி."

புலி ஆண்டில் பிறந்தவர்கள் மணமகள் அறைக்குள் நுழையக் கூடாதாம். பெண்ணின் வாழ்வைப் புலி கடித்துவிடும். அவள் அறையை விட்டு வெளியே வரும் நேரம் நான் பின்கட்டில், சமையலறைக் கதவுக்குப் பின்னால், முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கவேண்டும்.

"அவளைப் பெத்தவன் நான்!"

"பெத்தப்ப கடிக்கல. கல்யாணத்தப்ப கடிக்கும்."

"முப்பது வருஷமா கூடவே இருக்கேன், கையில சோறு ஊட்டியிருக்கேன், கணக்குக்கு ஒரு தடவ காதைத் திருகினதத் தவிர ஒண்ணும் பண்ணல!"

"கோவப்படறப்ப பாரு, அசல் புலி" என்றார் மேடம் லாய் தன் மகனிடம், பெருமையோடு.

வெய் லூன் தரையைப் பார்த்தான். எழிலரசி, "ஆன்ட்டி, எங்கப்பா இல்லாம நான் ரூம விட்டு வர மாட்டேன்" என்றாள். "எலி, நீ சும்மா இரு" என்றார் அவர். என் மகளை எலி என்றுதான் கூப்பிடுகிறார். அவர் பஞ்சாங்கப்படி அவள் நாய்.

ஒரு மனிதன் எந்தப் பிழையும் செய்யாமல், தன் விருப்பமோ முயற்சியோ சிறிதும் இல்லாத ஒரு காரணத்துக்காக, தன் ஒரே மகளின் வாழ்வில் மிக முக்கியமான நேரத்தில் ஒதுங்கி நிற்கவேண்டுமாம். அவன் நிழல் பட்டாலே கேடாம். இதை இருபத்தொன்றாம் நூற்றாண்டில், கையில் திறன்பேசி வைத்திருக்கும் ஒரு பெண்மணி சொல்கிறார். நாகரிகம் என்று இவர்கள் எதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்?

அக்காளிடம் தொலைபேசியில் சொன்னேன். அவரும் கொதித்துப்போனார். "பெத்த அப்பனையா ஒதுக்குறாளுங்க? மனுசங்களா இவங்க?" என்றார்.

செப்டம்பர் 30, திங்கள்

நூலகம் போய் சீன ராசிகள் பற்றி இரண்டு புத்தகங்கள் எடுத்து வந்தேன். எதிரியைப் படித்துத்தான் வெல்லவேண்டும். புலி, குதிரை, நாய் மூன்றும் உற்ற நண்பர்கள் என்று இரண்டிலும் இருக்கிறது. வெய் லூன் குதிரை, எழிலரசி நாய், நான் புலி. இந்தக் கல்யாணத்திலேயே பொருத்தமான ஆள் நான்தான்.

அக்டோபர் 5, சனி

மேற்படி ஆதாரத்தைப் பக்க எண்ணோடு மேடம் லாயிடம் காட்டினேன். "சிநேகம் வேற, கல்யாணம் வேற" என்றார்.

எனக்குப் பதிலாகப் பெண்ணை அழைத்து வரவும் ஆள் பார்த்துவிட்டார்கள். அறுபத்து நான்கில் பிறந்தவன், டிராகன், மிகமிக விசேஷமாம். பரந்தாமன்.

என் தம்பி பரந்தாமன் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் வடிகட்டி விற்கிறான். வாழ்நாளில் ஒரு புத்தகத்தை முழுதாகப் படித்ததில்லை. என் ஓய்வுபெறும் விழாவில் இரண்டு நிமிடம் பேசச் சொன்னதற்கு, வடிகட்டி பற்றி இருபது நிமிடம் பேசினான். ஐயாயிரம் ஆண்டுச் சீன நாகரிகமும் அதற்கு இளைக்காத நம் நாகரிகமும் தனித்தனியே ஆராய்ந்து, உலகத்திலேயே என் மகளைக் கைப்பிடித்துக் கொடுக்கத் தகுதியுள்ள ஒரே மனிதன் இவன்தான் என்ற முடிவுக்கு வந்திருக்கின்றன.

தொலைபேசியில் அழைத்தான். "அண்ணே, ரெண்டு எடத்துலயும் நான்தானாமே? ரெண்டு சட்ட தைக்கணுமா, ஒண்ணு போதுமா?"

அக்டோபர் 13, ஞாயிறு

விருந்தினருக்கான போர்வை தேடி இரும்புப் பெட்டியைத் திறந்தேன். அடியில் அம்மாவின் மஞ்சள் பை. அதில் என் ஜாதகம். இதுவரை நான் பிரித்துப் பார்த்ததில்லை. கொள்கை.

பிலவ வருடம், தை மாதம் ஏழாம் நாள், பூச நட்சத்திரம்.

தை ஏழு என்றால் ஜனவரி இருபது. பிப்ரவரி பதினான்கு அல்ல.

காரணம் எனக்குத் தெரியும், யோசிக்காமல் இருந்திருக்கிறேன். நாங்கள் பிறந்த தோட்டத்தில் பிறப்பைப் பதிய யாரும் பட்டணத்துக்கு நடக்க மாட்டார்கள். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி தன் வேலையாகப் போகும் நாளில் எல்லாப் பிள்ளைகளின் பெயரையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போவார். பதிகிறவர், அன்றைய தேதியையே பிறந்த தேதியாக எழுதிக்கொள்வார். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் ஆறு பேருக்கு ஒரே பிறந்தநாள். அதில் இருவர் அண்ணன் தம்பி.

சீனப் புத்தாண்டு அந்த ஆண்டு பிப்ரவரி ஐந்தாம் தேதி. நூலகப் புத்தகத்தில் பட்டியல் இருக்கிறது. அதற்கு முன் பிறந்தவன் புலியல்ல. முந்தைய ஆண்டுக்காரன்.

நான் மாடு.

அக்டோபர் 14, திங்கள்

எழிலரசியிடம் சொல்லாமல் காரை எடுத்துக்கொண்டு கம்பாருக்கு, மேடம் லாயின் வீட்டுக்குப் போனேன். ஜாதகத்தை ஒரு கோப்பில் வைத்து, பள்ளி ஆய்வாளரிடம் ஆவணம் காட்டுவதுபோல மேடம் லாயின் மேசைமேல் வைத்தேன். இது என் தாயார் எழுதி வைத்தது, அரசாங்கத் தேதி ஒரு கிராணியின் வசதி, நான் விஞ்ஞானப்படி மாடு என்று விளக்கினேன். விஞ்ஞானப்படி என்ற சொல்லை இரண்டு முறை பயன்படுத்தினேன் என்று நினைக்கிறேன். பேச்சுப்போட்டியில் பரிசு வாங்கிய பிள்ளைகள் யாரும் அங்கே இல்லை, நல்லது.

மேடம் லாய்க்குக் கிராணியைப் பற்றி யாரும் விளக்கவேண்டியிருக்கவில்லை. "எங்க தோட்டத்துக் கிராணியும் எங்க கடையில உக்காந்துதான் பேர் எழுதுவான்" என்றார். "சிகரெட் வாங்க வருவான். குழந்த செத்துப்போச்சான்னுகூடக் கேக்காம எழுதுவான்."

தொலைபேசியில் சிஃபுவைக் கேட்டார். விரல் மடக்கிக் கணக்குப் போட்டார். முகம் மலர்ந்தது.

"மாடு நல்லது வாத்தியாரே. மாடு பொறுமை. நீ உள்ள போ, துணி எறக்கு, கையப் புடி, கூட்டிட்டு வா. ஒண்ணே ஒண்ணு, மாட்டுக்கும் குதிரைக்கும் ஆகாது. நீ மாடு, என் மகன் குதிரை."

"அதுக்கு என்ன செய்யணும்?"

"ஒண்ணும் வேணாம். மாமனாரும் மருமகனும் எந்த ஊர்ல ஒத்துப்போனாங்க?"

நாற்பதாண்டுப் பகுத்தறிவை ஒரு மாட்டுக்கு விற்றுவிட்டு, என்றும் இல்லாத மகிழ்ச்சியோடு தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். அப்போது அவர் கேட்டார்.

"சரி, கோயில்ல எப்படி? அங்கயும் நீதான் கையப் புடிச்சுக் குடுக்கற?"

"இல்ல. அங்க என் தம்பி."

"ஏன்? அங்க நீ என்ன மிருகம்?"

எனக்கு முதலில் புரியவில்லை. எங்களிடம் மிருகக் கணக்கு இல்லை, மனைவியை இழந்தவர்கள் மேடையில் உட்காருவதில்லை, அது ஒரு முறை என்றேன்.

"உன் பொஞ்சாதி செத்தது நீ செஞ்ச தப்பா?"

"இல்ல."

"அப்ப நான்? எனக்கும்தான் வீட்டுக்காரர் இல்ல. என் மகன் எனக்கு டீ குடுக்கறப்ப நான் உக்காரக் கூடாதா?"

"உங்க முறை வேற..."

"எங்க புலிக்காவது ஒரு கணக்கு இருக்கு வாத்தியாரே. வேற வருஷம் பொறந்திருந்தா வெளிய வந்துடலாம். பாரு, நீ வந்துட்ட. உன் ஆளுங்ககிட்ட எப்படி வெளிய வருவ?"

அவர் கேலியாகக் கேட்கவில்லை. வழி தெரியாதவரிடம் வழி கேட்பதுபோலக் கேட்டார். நான் வண்டிச் சாவியைத் தேடினேன்.

அக்டோபர் 15, செவ்வாய்

மழை. குழாய்க்காரர் வந்தார். சரிசெய்துவிட்டார்.

அக்டோபர் 16, புதன்

எழுத ஒன்றுமில்லை.

அக்டோபர் 20, ஞாயிறு

எழிலரசி அழைப்பிதழ்களில் பெயர் எழுதிக்கொண்டிருந்தாள். நான் உறைகளை ஒட்டினேன். தற்செயலாகக் கேட்பதுபோல, கோயிலில் யார் தாரை வார்க்கவேண்டும் என்று அவளுக்கு ஏதாவது எண்ணம் உண்டா என்றேன்.

அவள் எழுதுவதை நிறுத்தவில்லை. "அத்த வந்து சொல்லிட்டுப் போனாங்கல்ல."

"நீ ஒண்ணும் சொல்லலையே."

"நீங்க சொல்லலையேப்பா."

நான் அடுத்த உறையை ஒட்டினேன்.

"புலின்னு சொன்னப்ப எவ்வளவு சத்தம் போட்டீங்க" என்றாள். "நூலகத்துக்குப் போனீங்க. கம்பாருக்குப் போனீங்க, வெய் லூன் சொன்னாரு. அத்த சொன்னதுக்கு 'சரிக்கா'ன்னு சொல்லிட்டு முறுக்கு எடுத்துச் சாப்பிட்டீங்க. அதனால உங்களுக்கே அது வேணாம் போலன்னு நெனச்சேன். அம்மா இல்லாம அங்க நிக்க உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னு. அதான் கேக்கல."

பசை காய்ந்துவிட்டது. வேறு பசை எடுத்துவர எழுந்து போனேன். பசை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கச் சற்று நேரம் ஆனது.

அக்டோபர் 31, வியாழன். தீபாவளி

எல்லோரும் வந்திருந்தார்கள். சாப்பாடு முடிந்து அக்காள் வெற்றிலை போடும்போது சொன்னேன்: தாரை நான் வார்க்கப்போகிறேன்.

"விளையாடறியா?"

"இல்லக்கா."

"டேய் நல்லதம்பி, உனக்காகவா சொல்றேன்? பொண்ணு நல்லா இருக்க வேணாமா? நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா ஊரு என்ன சொல்லும்?"

"போன மாசம் புலின்னு என்னை ஒதுக்கினாங்க. பெத்த அப்பனை ஒதுக்குறவங்க மனுசங்களான்னு நீங்கதான் கேட்டீங்க."

"அது அவங்க மூடத்தனம்டா! இது சாஸ்திரம்!"

இந்த வாக்கியத்தை நான் வேறு எந்த நாளிலாவது கேட்டிருந்தால் சிரித்திருப்பேன். இன்று முடியவில்லை. ஏனென்றால் இரண்டு வாரம் முன்புவரை நானும் இதே வாக்கியத்தைத்தான், வாயைத் திறக்காமல், சொல்லிக்கொண்டிருந்தேன்.

"அக்கா, இந்திராணி செத்து மூணு வருஷமாச்சு. நான் எந்த விசேஷத்துக்கும் போய் முன்னால நிக்கல. யாரும் சொல்லாமலே பின்னால போய் நின்னுக்கிட்டேன். என் வீட்டு விசேஷத்துலயும் பின்னால நிக்கச் சொல்லாதீங்க."

அவர் வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு வந்தார். "நீ மேடையில ஏறினா நான் அந்தப் பக்கம் திரும்ப மாட்டேன்."

"சரிக்கா."

"கல்யாணத்துக்கு வருவேன். திரும்ப மாட்டேன்."

பரந்தாமன் அதிரசத்தை வாயில் வைத்துக்கொண்டு எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தான். அவனிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அவனிடம் யாரும் எப்போதும் ஒன்றும் கேட்பதில்லை.

நவம்பர் 3, ஞாயிறு

கோயில் குருக்களைப் பார்த்தேன். சாஸ்திர விவாதத்துக்குத் தயாராக, குறிப்புகளோடு போனேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"எனக்கு ஆட்சேபணை இல்ல சார். மண்டபத்த பதினொன்றரைக்குக் காலி பண்ணிக் கொடுத்துடணும், அடுத்த கல்யாணம் இருக்கு. அது மட்டும் பாத்துக்குங்க." பிறகு, "அம்மா நீர் ஊத்தணும், அப்பா பொண்ணு கையப் புடிக்கணும். ஊத்த யாரு?" என்றார்.

எனக்கு இரண்டு கைகள் இருக்கின்றன என்றேன்.

நவம்பர் 9, சனி

வெய் லூன் வந்து கண்ணாடி மேசையைப் படியில் இறக்கிக் கீழே எழிலரசியின் அறையில் வைத்தான். நான்தான் வரச் சொன்னேன். கால் ஆடவில்லை. பெரிய அறை ஜன்னலுக்கு எண்ணெய் போட்டுத் திறந்தோம். காற்று வருகிறது. ஃபெங்சுயி ஒன்றும் இல்லை, ஜன்னல் திறந்தால் காற்று வரும்.

நவம்பர் 11, திங்கள்

நேற்றையதை வரிசையாக எழுதுகிறேன்.

காலை ஏழு மணிக்கு மாடாகிய நான் என் மகளின் அறைக்குள் போனேன். சிவப்பு உடையில் உட்கார்ந்திருந்தாள். முகத்துணியை இறக்கினேன். கோணலாக விழுந்தது. "நேரா, ப்பா" என்றாள் உள்ளேயிருந்து. கையைப் பிடித்து அழைத்துவந்து குதிரையிடம் கொடுத்தேன். குதிரை அழுதது. மேடம் லாய் நாற்காலியில் தனியாக, நேராக உட்கார்ந்து, பக்கத்தில் காலியான இன்னொரு நாற்காலியை வைத்துக்கொண்டு, மகனிடமும் மருமகளிடமும் தேநீர் வாங்கிக் குடித்தார். காலி நாற்காலிக்கும் ஒரு கிண்ணம் வைத்தார்கள்.

பத்து மணிக்குக் கோயில் மண்டபம். பட்டுச் சேலை, வேட்டி, மேளம். அக்காள் முன்வரிசையில் மேடைக்கு முதுகு காட்டி, நாற்காலியையே திருப்பிப் போட்டு உட்கார்ந்திருந்தார். பின்வரிசைகளில் இருந்த முன்னூறு பேரையும் அவர் பார்த்தார், முன்னூறு பேரும் அவரைப் பார்த்தார்கள்.

"பொண்ணப் பெத்தவங்க வாங்க" என்றார் குருக்கள்.

நான் எழுந்தேன். பழக்கத்தால், அல்லது என்னவோ, பரந்தாமனும் எழுந்துவிட்டான். பக்கத்தில் அவன் மனைவியும். நாங்கள் மூவரும் நின்றோம். மேளக்காரர் வாசிப்பை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார். மண்டபம் முழுவதும் ஒரு முணுமுணுப்பு புறப்பட்டது. என் கால் நகரவில்லை. மூன்று ஆண்டுப் பழக்கம், அது பின்பக்கமாகத்தான் போகப் பார்த்தது. இன்னும் ஒரு நொடி கழிந்திருந்தால், "நீயே போடா" என்று சொல்லியிருப்பேன். அதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

"அண்ணே" என்றான் பரந்தாமன், ஊருக்கே கேட்கும்படி. "எனக்குக் காலு மரத்துப்போச்சு. நீங்க போங்க." பிறகு உட்கார்ந்து, மரத்துப்போனதாகச் சொன்ன காலை எல்லோரும் பார்க்கும்படி பிசையத் தொடங்கினான். தவறான காலைப் பிசைந்தான், நடுவில் மாற்றிக்கொண்டான்.

மேடையேறினேன். வெய் லூனின் கைமேல் எழிலரசியின் கையை வைத்து, என் இடக்கையால் பிடித்துக்கொண்டேன். வலக்கையில் மூக்குச் செம்பு. நிறைந்த பித்தளைச் செம்பு ஒற்றைக் கைக்கு இவ்வளவு கனக்கும் என்று எனக்குத் தெரியாது. சாய்ந்தது. முதல் நீர் கையில் விழாமல், மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் நின்ற மேடம் லாயின் பாதத்தில் விழுந்தது.

"கொஞ்சமா சாய்ச்சு ஊத்துடா!" முன்வரிசையிலிருந்து அக்காளின் குரல். திரும்பியிருந்தார். எழுந்தே நின்றார். "புடவ நனையுது பாரு! மூக்கு அந்தப் பக்கம் இருக்கு, செம்பத் திருப்பு! எத்தன வயசாயிருச்சு, ஒரு செம்பு புடிக்கத் தெரியல!"

செம்பைத் திருப்பினேன். இப்போது சரியாக விழுந்தது. அவள் விரல்கள் வழியாக அவன் உள்ளங்கைக்கு, அங்கிருந்து தாம்பாளத்துக்கு.

"போதும் சார்" என்றார் குருக்கள். கடிகாரத்தைப் பார்த்தார். "சார், போதும்."

செம்பு காலியாகும்வரை நான் நிறுத்தவில்லை.